பொதுச் சூளையும் இறால் குட்டையும்

விருத்தாசலம்னு சொன்னதும் பாதிப் பேருக்கு ரயில் ஜங்ஷன்தான் ஞாபகம் வரும். பக்தி உள்ளவங்களுக்குப் பழமலைநாதர். இலக்கியம் படிக்கிற நம்ம மக்களுக்குப் புதுமைப்பித்தனோட நிஜப் பேரு. (அவர் பொறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல. கொஞ்சம் சொந்தம் கொண்டாடிக்கலாம், தப்பில்லை.) எங்களுக்கு இது பீங்கான் ஊர். அகல் விளக்கு, கொலு பொம்மை, ஊறுகாய் ஜாடி, கரண்ட் கம்பத்துல மாட்டுற பீங்கான் சாமான் எல்லாம் எங்க ஊர்ப் பட்டறைகள்ல சுட்டதுதான். செராமிக் டிப்ளமோ சொல்லிக்கொடுக்க அரசு கல்லூரியும் இங்க இருக்கு.

இப்படி ஒரு ஊர்ல உக்காந்துக்கிட்டு இறால் வளர்ப்பையும் பல்கலைக்கழக ஆராய்ச்சியையும் பத்திப் பதிவு போடப் போறேன். "உனக்கும் இறாலுக்கும் என்னய்யா சம்பந்தம்? போய் மல்லாட்டையைப் பத்தி எழுது"ன்னு யாராவது பின்னூட்டம் போடுவீங்கன்னு தெரியும். மல்லாட்டையும் வரும், கொஞ்சம் பொறுங்க.

சம்பந்தம் ரெண்டு இருக்கு. ஒண்ணு ஆறு. எங்க ஊர் மணிமுத்தாறு கல்வராயன் மலையில கிளம்பி, கோயிலை ஒட்டி ஓடி, கூடலையாத்தூர்ல வெள்ளாத்தோட கலக்குது. அந்த வெள்ளாறு பரங்கிப்பேட்டையில கடல்ல சேருது. ஆக, நாங்க துணி துவைச்ச தண்ணியிலதான் அங்க இறால் வளருது :-)

ரெண்டாவது சம்பந்தம் என் மச்சான். வீட்டம்மாவோட தம்பி. கிள்ளைப் பக்கம் ரெண்டு குட்டை வச்சிருக்கான். வனாமி இறால். போன வருஷம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன். அந்த நேரத்துல ஃபோன் அடிச்சா எந்த வீட்டுலயும் நல்ல சேதியா இருக்காது.

"மாமா, இறால் எல்லாம் கரைக்கு வருது"ன்னான்.

எனக்கு அதோட அர்த்தம் அப்பத் தெரியாது. நல்ல இறால் தண்ணிக்குள்ள அடியிலதான் கிடக்கும். கரையோரமா வந்து ஒண்டுதுன்னா அதுக்கு முடியலைன்னு அர்த்தமாம். ரெண்டு நாளா செக் ட்ரேயில போட்ட தீவனம் அப்படியே இருந்திருக்கு. விட்டு 42 நாள். விடிஞ்சதும் கிளம்பிப் போனேன். அவன் கைலி மடிச்சுக் கட்டிக்கிட்டு கரையில உக்காந்திருந்தான். பக்கத்துல ஒரு டஜன் காலி பாட்டில், டப்பா. அதுல சத்து மருந்து இருக்கு, நல்ல பாக்டீரியான்னு சொல்றது இருக்கு, எதிர்ப்பு சக்தி கூட்டுறதுன்னு எழுதியிருக்கறதும் இருக்கு. எல்லாம் கடன்ல வாங்கினது.

"இதெல்லாம் யார் போடச் சொன்னது?"

"கடைக்காரர்தான் மாமா. முந்தாநாள் வந்து பார்த்தாரு. இதைப் போட்டா நிக்கும்னாரு."

நிக்கலை. ரெண்டு குட்டையும் போச்சு. அப்புறம் சாம்பிளைக் கொண்டுபோய் டெஸ்ட் எடுத்தா வெள்ளைப்புள்ளி நோய். அது வைரஸ். வந்துட்டா அதுக்கு மருந்து கிடையாது. பத்து நாளைக்குள்ள மொத்தக் குட்டையும் காலியாயிடும். 1994-95 வாக்குல இந்தியாவுக்குள்ள வந்து டைகர் இறால் பண்ணைகளைத் துடைச்சுப் போட்ட அதே நோய். அதாவது, முப்பது வருஷமா எல்லா ஆராய்ச்சியாளருக்கும் தெரிஞ்ச ஒரு விஷயம், 'இதுக்கு மருந்து இல்லை' என்கிற விஷயம், மச்சானுக்குத் தெரியலை. தெரியாத அந்த ரெண்டு நாள்ல அவன் ஒரு டஜன் பாட்டில் வாங்கியிருக்கான்.

எனக்கு வலிச்சது அது இல்லை. அவன் குட்டைக்கரையில நின்னு வடக்கே கை காட்டினா, ஆத்துக்கு அக்கரையில பரங்கிப்பேட்டை. அங்கதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கு. சின்ன இடம் இல்லீங்க. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா தொடங்கி வச்சது. 1963-லயே யு.ஜி.சி. அதை உயராய்வு மையம்னு அங்கீகரிச்சது. வெள்ளாத்து முகத்துவாரம், பிச்சாவரம் அலையாத்திக் காடு, நண்டு, இறால், மீன் குஞ்சு, தண்ணியில மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்னு அவங்க எழுதின ஆராய்ச்சியை அடுக்கினா எங்க ஊர் கோபுரம் உசரம் வரும். வெளிநாட்டுக்காரன் புத்தகத்துலகூட 'போர்ட்டோ நோவோ'ன்னு அந்த ஊர்ப் பேரு வரும்.

மச்சான்கிட்ட கேட்டேன். "ஏன்டா, அக்கரைதானே, ஒரு எட்டு போய்க் கேட்டிருக்கலாம்ல?"

"அங்க எல்லாம் பெரிய படிப்பு படிக்கிறவங்க இருக்கற இடம் மாமா. நம்மள உள்ள விடுவாங்களா? கடைக்காரர்னா ராத்திரி கூப்பிட்டாலும் பைக் எடுத்துக்கிட்டு வந்துடுவாரு."

இந்த ஒரு பதில்தான் இந்தப் பதிவு முழுக்க. மத்ததெல்லாம் இதுக்கு வியாக்கியானம்.

*

இப்ப மல்லாட்டை.

எங்க ஊர்ல தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்க உருவாக்கின நிலக்கடலை ரகங்களுக்கு 'வி.ஆர்.ஐ.'ன்னு பேரு. வி.ஆர்.ஐ. 2, வி.ஆர்.ஐ. 3 இப்படி. வி.ஆர்.ஐ.ன்னா விருத்தாசலம். முந்திரியிலயும் வி.ஆர்.ஐ. உண்டு. திண்டிவனத்துல உருவானதுக்கு டி.எம்.வி.ன்னு பேரு. பள்ளிக்கூடம் பக்கமே போகாத பெருசுங்ககூட "இந்த வருஷம் வி.ஆர்.ஐ. போட்டிருக்கேன்"னு சர்வ சாதாரணமா சொல்லுவாங்க. அவங்களுக்கு அது ஆராய்ச்சி நிலையம் கொடுத்த பேருங்கிற நினைப்பே இருக்காது. அவ்வளவு தூரம் அது வயலுக்குள்ள இறங்கிடுச்சு. வேளாண் அறிவியல் நிலையமும் இதே ஊர்ல இருக்கு. இலை சுருண்டா, ஒரு செடியைப் புடுங்கிப் பையில போட்டுக்கிட்டுப் போய்க் காட்டலாம். செருப்பைக் கழட்டணுமான்னுகூட யோசிக்க வேணாம்.

மல்லாட்டைக்காரர் வாயில ஆராய்ச்சி நிலையத்தோட பேரு இருக்கு. இறால்காரர் வாயில பாட்டிலோட பேரு இருக்கு. ரெண்டு பேரும் ஒரே மாவட்டம்.

அடுத்தது சூளை. எங்கப்பா சின்னதா ஒரு பீங்கான் பட்டறை வச்சிருந்தார். நாலு பேர் வேலை செய்வாங்க. எங்களை மாதிரி ஆளுங்களுக்குச் சொந்தமா சூளை கட்ட வசதி ஏது? பதமாக் கலந்த மண்ணை வாங்கி, அச்சுல ஊத்தி, காயவச்சு, பொதுச் சூளையில கொடுத்துச் சுட்டு வாங்குவோம். ஒரு தடவை ஒரு லாட் முழுக்க விரிசல் விட்டுப் போச்சு. பூச்சு சரியில்லைன்னு அப்பா முடிவு பண்ணி, வேற பூச்சு வாங்கக் கிளம்பிட்டார். விக்கிறவரும் "ஆமாங்க, பழசு சரியில்லை, புதுசு வந்திருக்கு"ன்னு சொல்லிட்டார். வழியில, மண்ணு பரிசோதிக்கிற இடத்துல இருந்த ஒருத்தர் ஒடைஞ்ச துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னார்: "பூச்சுல ஒண்ணும் இல்லை. காயறதுக்கு முன்னாடி சூளையில ஏத்திட்டீங்க. இன்னும் ரெண்டு நாள் நெழல்ல கிடக்கட்டும்." அவ்வளவுதான். செலவு பைசா இல்லை.

அவர் பெரிய மேதைன்னு சொல்ல வரலை. அவர்கிட்ட விக்கறதுக்கு எதுவும் இல்லை. அதனாலதான் 'எதையும் வாங்காதே, ரெண்டு நாள் சும்மா இரு'ன்னு அவரால சொல்ல முடிஞ்சது. எந்த வியாபாரியாலயும் அதைச் சொல்ல முடியாது. வியாபாரி கெட்டவர்னு அர்த்தம் இல்லைங்க, அவர் பொழப்பு அது.

என்னைக் கேட்டா, பல்கலைக்கழகம் இறால் தொழிலுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். புதுக் கண்டுபிடிப்பு, காப்புரிமை, ஒப்பந்தம், மாநாடு எல்லாம் அப்புறம். விக்கறதுக்கு எதுவும் இல்லாத ஒரு ஆள், குட்டைக்கரைக்கு வந்து உண்மையைச் சொல்றது.

*

வெளியூர்க் கதை ரெண்டு மூணு சொல்றேன். கதை விடறேன்னு நினைக்காதீங்க, நடந்தது.

முதல்ல அமெரிக்கா. அரிசோனா மாநிலத்துல டூசான்னு ஒரு ஊர். சுத்திப் பாலைவனம், கள்ளிச்செடி. கடல் பார்க்கணும்னா மணிக்கணக்கா வண்டி ஓட்டணும். ஆனா அந்த ஊர் அரிசோனா பல்கலைக்கழகத்துலதான் இறால் நோய்களுக்கு உலகப் பேர் பெற்ற ஆய்வுக்கூடம் இருந்தது. 2009 வாக்குல சைனாவுல ஆரம்பிச்சு வியட்நாம், தாய்லாந்துன்னு குட்டை குட்டையா இறாலைக் கொன்னுக்கிட்டு வந்த ஒரு மர்ம நோய். விட்ட முப்பது நாளுக்குள்ள செத்துப் போகும், காரணம் யாருக்கும் தெரியலை. 2013-ல பேராசிரியர் டொனால்டு லைட்னர் குழு அங்கிருந்துதான் காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சொன்னது. விப்ரியோ வகை பாக்டீரியா ஒண்ணு, நச்சைக் கக்கி இறாலோட செரிமான உறுப்பை அழிக்குது. பாலைவனத்துல இருந்துக்கிட்டு ஆசியாவோட குட்டைக்குப் பதில் சொல்ல முடியும்னா, வெள்ளாத்தோட வடகரையில இருந்துக்கிட்டுத் தென்கரைக்குப் பதில் சொல்ல முடியாதா?

அடுத்தது நார்வே. சால்மன் மீன் வளர்க்கிறாங்க. 1987-ல அந்த நாட்டு மீன் பண்ணைகள்ல ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டினாங்க. அப்புறம் ஆராய்ச்சியாளர்களும் மருந்து கம்பெனிகளும் அரசாங்கமும் பண்ணைக்காரங்களும் சேர்ந்து தடுப்பூசி கொண்டுவந்தாங்க. மீன் குஞ்சு ஒவ்வொண்ணுக்கும் ஊசி! உற்பத்தி பல மடங்கு கூடி பத்து லட்சம் டன்னைத் தாண்டிடுச்சு. மருந்து? 2015-க்கு அப்புறம் ஒரு டன்னுக்கும் கீழே. பாட்டில் விக்கிறவன் லாபத்தை மட்டும் நம்பியிருந்தா இது நடந்திருக்குமா சொல்லுங்க.

"அதெல்லாம் பணக்கார நாடு"ன்னு சொல்றவங்களுக்கு ஆந்திரா. மேற்கு கோதாவரி மாவட்டத்துல மொகல்தூருன்னு ஒரு கிராமம். 2000-க்குப் பிறகு, கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் 'நாகா'ன்னு சொல்ற ஆசிய நாடுகளோட மீன்வளர்ப்பு அமைப்பும் சேர்ந்து அங்க வேலை பார்த்தாங்க. முதல்ல நூத்துக்கணக்கான குட்டைகளைக் கணக்கெடுத்து, எங்க நோய் வந்தது, எங்க வரலை, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பார்த்தாங்க. அப்புறம் சின்னப் பண்ணைக்காரங்களைக் குழுவாச் சேர்த்தாங்க. குஞ்சு வாங்கறதுக்கு முன்னாடி பி.சி.ஆர். டெஸ்ட். அடிச்சேறை எடுத்துட்டுக் குட்டையை நல்லாக் காயப் போடறது. எல்லாரும் ஒரே சமயத்துல குஞ்சு விடறது. நோய் வந்தா மறைக்காம பக்கத்துக் குட்டைக்காரனுக்குச் சொல்றது, தண்ணியைத் திறந்து விடாம இருக்கறது. இதுல எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஆனா பலன் கொடுத்துச்சு. ஊர் ஊராப் பரவுச்சு. அதோட தொடர்ச்சியாத்தான் 2007-ல 'நாக்சா'ங்கிற தேசிய அமைப்பே வந்தது.

பாருங்க, அடிச்சேறு எடுத்துக் காயப் போடறது. எங்கப்பாவுக்குச் சொன்ன அதே வைத்தியம்தான். 'இன்னும் கொஞ்ச நாள் காயட்டும்!'

*

சரி, பேராசிரியர் தரப்பையும் சொல்லணும். இல்லேன்னா ஒருதலைப் பட்சமாப் போயிடும்.

நண்பன் ஒருத்தன் மீன்வளத்துல பி.ஹெச்டி. முடிச்சவன். எங்கன்னு கேக்காதீங்க. அவன்கிட்ட மச்சான் கதையைச் சொன்னேன். சிரிச்சான். "டேய், நான் அஞ்சு வருஷம் இறால் குடல்ல இருக்கற பாக்டீரியாவைத்தான் படிச்சேன். உன் மச்சான் மாதிரி பத்துப் பேருக்கு உதவி பண்ணிருந்தா எனக்குப் பட்டம் கிடைச்சிருக்காது. இங்கிலீஷ்ல ரெண்டு கட்டுரை வந்தாத்தான் பட்டம். குட்டைக்காரன் நன்றி சொன்னா அதை எந்த ஃபாரத்துல எந்தக் கட்டத்துல எழுதறது?"

இதுக்கு என்ன பதில் சொல்ல? பணமும் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகமே நிதி நெருக்கடியில மாட்டி, 2013-ல தமிழக அரசு சட்டம் போட்டு எடுத்துக்கிட்ட கதை நமக்குத் தெரியும். ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் திட்டம் திட்டமா வரும். திட்டம் முடிஞ்சா கெமிக்கல் வாங்கக் காசு இருக்காது. பயிற்சி வகுப்பே நடக்கறதில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். நடக்குது. சென்னையில மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1987-லிருந்து இருக்கு. கொடுவா மீனைப் பண்ணையிலயே முட்டையிட வச்சு 1997-ல குஞ்சு எடுத்தவங்க அவங்க. நாகப்பட்டினத்துல 2012-லிருந்து மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கு. சீர்காழிப் பக்கம் தொடுவாயில ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தோட குஞ்சு பொரிப்பகம் இருக்கு. அறிவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மச்சான் யாரைக் கூப்பிடணும்? அந்த நம்பர் மட்டும் இல்லை.

நம்ம ஆளுங்க மேலயும் தப்பு இருக்கு. மச்சான் என்ன பண்ணினான் தெரியுமா? செத்த குட்டைத் தண்ணியை ராத்திரியோட ராத்திரியா வாய்க்கால்ல திறந்து விட்டுட்டான். அடுத்த வாரம் கீழ்ப் பக்கத்துக் குட்டையும் போச்சு. "நீ ஏன்டா முன்னாடியே சொல்லலை"ன்னு அவங்க சண்டைக்கு வந்தாங்க. அவனுக்கு முன்னாடி மேல்பக்கத்துக்காரர் அவனுக்கு அதையேதான் செஞ்சிருந்தார்! இதை எந்தப் பேராசிரியரும் வந்து சரிபண்ண முடியாது.

இன்னொரு பழைய காயமும் இருக்கு. தொண்ணூறுகள்ல இறால் பண்ணை வந்தப்ப, நம்ம கடலோர ஊர்கள்ல நிலத்தடித் தண்ணி உப்பாச்சு, வயல் கெட்டுதுன்னு சனங்க போராடினாங்க. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் வழக்குப் போட்டு, 1996 டிசம்பர் 11-ம் தேதி உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள்ள இருக்கற பண்ணைகளை மூடச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்துச்சு. பாரம்பரிய முறைக்கு மட்டும் விலக்கு. அப்புறம் 2005-ல கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, 2023-ல திருத்தமும் வந்தது. தீர்ப்பு சரியா தப்பான்னு இங்க விவாதிக்கலை. ஆனா ஒண்ணு கவனிங்க. 'தொழிலுக்கு உதவுற ஆராய்ச்சி'ன்னா, அந்தத் தொழிலால பக்கத்து வீட்டுக் கிணறு உப்பாகுதான்னு அளந்து சொல்றதும் அதுல அடக்கம். பல்கலைக்கழகம் பண்ணைக்காரருக்கு மட்டும் சொந்தம் இல்லை. கிணத்துக்காரம்மாவுக்கும் சொந்தம்.

*

இப்ப இதுல எவ்வளவு பணம் புரளுதுன்னு பாருங்க. 2023-24-ல இந்தியா ஏற்றுமதி பண்ணின உறைய வச்ச இறால் மட்டும் 7 லட்சத்து 16 ஆயிரம் டன். மதிப்பு 40,000 கோடி ரூபாய்க்கு மேல. மொத்தக் கடல்பொருள் ஏற்றுமதியில மூணுல ரெண்டு பங்கு. இந்தத் தொழிலே 2009-ல வனாமியை அனுமதிச்ச பிறகு எழுந்து நின்னது. அந்த வனாமியும் ஆராய்ச்சி கொடுத்த வரம்தான். குறிப்பிட்ட நோய்க்கிருமி இல்லாத தாய் இறாலை 1990 வாக்குல உருவாக்கினது ஹவாய் தீவுல இருக்கற ஒரு ஆய்வு நிறுவனம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து நடத்தின திட்டத்துல அது ஒரு பங்கு. இன்னிக்கும் நாம தாய் இறாலை வெளிநாட்டுல இருந்து பிளேன்ல வரவழைச்சு, சென்னை நீலாங்கரையில தனியா அடைச்சு வச்சுப் பார்த்துட்டுத்தான் பொரிப்பகத்துக்கு அனுப்புறோம்.

இதுலயும் ஒரு தப்பான புரிதல். 'நோய்க்கிருமி இல்லாத' குஞ்சுன்னா 'நோயே வராத' குஞ்சுன்னு மச்சான் நினைச்சிருந்தான். "கியாரண்டி குஞ்சு மாமா"ன்னான். சுத்தமான குஞ்சை அழுக்குக் குட்டையில விட்டா நோய் வராம என்ன செய்யும்? நண்டு மூலமா வரும், வாய்க்கால் தண்ணி மூலமா வரும், பக்கத்துக் குட்டையில கால் வச்ச காக்கா மூலமா வரும். இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழ்ல, பெரிய எழுத்துல, ஒரு தட்டியில எழுதி ஆத்தங்கரையில வச்சிருந்தாலே அவன் குட்டையைச் சுத்தி நண்டு புகாம வலை கட்டியிருப்பான்.

சும்மா புலம்பினா ஆச்சா, என்ன செய்யணும்னு சொல்லுன்னு கேப்பீங்க. எனக்குத் தோணினது:

1. இறாலுக்கு ஒரு 'பொதுச் சூளை' வேணும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துலயே பண்ணைக்காரங்களுக்குன்னு ஒரு ஜன்னல். சாம்பிளைக் கொடு, நியாயமான கட்டணத்தைக் கட்டு, மறுநாளைக்குள்ள ரிசல்ட். யாரோட குட்டைங்கிறது ரகசியமா இருக்கட்டும். ஆனா 'இந்த வாரம் வந்த சாம்பிள்ல இத்தனைல வெள்ளைப்புள்ளி'ன்னு வெளியில பலகையில எழுதிப் போடுங்க. வாட்ஸப்ல ஊர் முழுக்கப் போயிடும்.

2. கடையில விக்கிற பாட்டிலை வாங்கி டெஸ்ட் பண்ணுங்க. நல்ல பாக்டீரியா கோடிக்கணக்குல இருக்குன்னு லேபிள்ல இருக்கே, உயிரோட எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. எம்.எஸ்சி. படிக்கிற பசங்களே செஞ்சுடலாம். நல்ல கம்பெனிக்காரங்களுக்கு இதுல லாபம்தான், போலிக்காரன்தான் பயப்படுவான்.

3. பட்டத்துக்குக் கட்டுரையோட குட்டையையும் கணக்குல எடுங்க. ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருத்தரும் ஒரு சீசன், விட்டதுல இருந்து அறுவடை வரைக்கும், ஒரு குட்டையோட கூட இருக்கணும். அதுக்கு மார்க் கொடுங்க. மாணவருக்கும் நல்லது. குட்டையில கிடைக்கிற விவரம் கண்ணாடித் தொட்டியில கிடைக்காது.

4. தீவனக் கம்பெனி, மருந்து கம்பெனிகிட்ட பணம் வாங்கி ஆராய்ச்சி பண்றது தப்புன்னு நான் சொல்லலை. நார்வேல கம்பெனி இல்லாம தடுப்பூசி வந்திருக்காது. ஆனா யார்கிட்ட எவ்வளவு வாங்கினோம்னு வெளிப்படையா இருக்கணும். ரிசல்ட் பாதகமா வந்தாலும் வெளியிடுவோம்னு ஒப்பந்தத்துலயே எழுதணும். இல்லேன்னா பேராசிரியரும் பாட்டில் விக்கிறவர் ஆயிடுவார், கோட்டு மட்டும் வெள்ளையா இருக்கும்.

5. வருஷம் ரெண்டு தடவை சுத்துப்பட்டுக் கிணத்துத் தண்ணியையும் சோதிச்சுச் சொல்லுங்க.

இதுல எதுக்கும் கோடி கோடியாத் தேவையில்லை. ஆனா லாபம் கிடைக்காத வேலை. அதனால அரசாங்கப் பணம்தான் வேணும். 40,000 கோடி சம்பாதிச்சுக் கொடுக்கிற தொழிலுக்கு ஒரு ஜன்னல் வைக்கக் காசில்லைன்னா எப்படிங்க?

*

மச்சான் கதையை முடிச்சுடறேன். கடனுக்கு அக்கா நகையை வச்சுத்தான் அடைச்சோம். (அக்கான்னா என் வீட்டம்மா. அதனால இந்தப் பதிவுல எனக்கும் தனிப்பட்ட வருத்தம் உண்டுங்கிறதை மறைக்க விரும்பலை :-( ) ஒரு போகம் விடாம சும்மா போட்டான். குட்டையைக் காயப் போட்டிருக்கான், பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. அதைப் பார்த்தா எனக்கு எங்கப்பா பட்டறையில காய்ஞ்ச மண்ணுதான் ஞாபகம் வந்தது.

போன மாசம் நானே அவனைக் கூட்டிக்கிட்டு, தெரிஞ்ச ஒருத்தர் மூலமா மீன்வளம் படிச்ச ஒரு ஆராய்ச்சி மாணவரைப் பார்க்கப் போனேன். சின்னப் பையன். நாங்க பயந்தது மாதிரி எதுவும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். மச்சான் கேட்ட முதல் கேள்வி: "சார், இப்ப என்ன மருந்து அடிக்கலாம்?"

அந்தப் பையன் சொன்னார்: "எதுவும் வேணாம்ணே. அடிச்சேறை எடுத்தாச்சா? நல்லாக் காயட்டும். குஞ்சு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணுங்க, டெஸ்ட் எடுத்துட்டு வாங்கலாம்."

நம்பர் கொடுத்தார். வர்ற வழியில மச்சான் அதை ஃபோன்ல சேவ் பண்ணிக்கிட்டிருந்தான். என்ன பேர் போட்டிருக்கான்னு எட்டிப் பார்த்தேன். 'இறால் டாக்டர்'னு போட்டிருந்தான்.

ஒரு பையனோட நல்ல மனசுல நடந்தது இது. அவர் பட்டம் வாங்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டா அந்த நம்பரும் போயிடும். அந்த நம்பர் ஒரு ஆளோடதா இல்லாம பல்கலைக்கழகத்தோடதா இருக்கணும், அவ்வளவுதான் நான் கேக்கறது.

உங்க ஊர்ல நெல்லோ, கோழியோ, பட்டுப்புழுவோ, ஏதாவது ஒண்ணுல பல்கலைக்கழகம் இப்படி வாசல் வரைக்கும் வந்த கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. வராத கதையையும் சொல்லலாம், அதுதான் நிறைய இருக்கும்னு நினைக்கிறேன்.

டிஸ்கி: மேல சொன்ன கடைக்காரர் நல்ல மனுஷர்தான். குட்டை போனதுக்கு மறுநாள் வந்து மச்சானோட கரையில உக்காந்து அழுதாராம். அப்புறம் பில்லைக் கொடுத்துட்டுப் போனாராம்.